ஆற்றில் தூண்டில் போட எந்த நரம்பு வாங்கலாம்?
புதிதாகப் பழகுவோருக்குச் சில யோசனைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொட்டிபுரம், தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வேலை இருப்பதில்லை. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், மாமரமும் இலவ மரமும் வைத்திருப்பவர்களுக்கும் இடையிடையே ஓய்வு நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்புக்கு மீன் கொண்டுவர விரும்புவோர் பலர் உண்டு.

போடி பக்கத்தில் கொட்டகுடி ஆறு ஓடுகிறது. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக முல்லைப் பெரியாறு ஓடுகிறது. இரண்டின் தண்ணீரும் கடைசியில் வைகைக்கே போய்ச் சேர்கிறது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் தண்ணீரை, 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை கிழக்கே திருப்பிய பிறகுதான் முல்லையாறு இந்த அளவுக்கு நீர் வளம் பெற்றது.

தூண்டில் போடத் தொடங்குகிறவர்கள் கோலையும் முள்ளையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். நரம்பை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆனால் மீனுக்கும் மனிதனுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒற்றை நரம்புதான். அது அறுந்தால் மீன் மட்டுமல்ல, முள்ளும் ஈயமும் கூடவே போய்விடும். அறுந்த துண்டு கரையில் கிடந்தால் ஆடு மாடுகளுக்கும் ஆபத்து. ஆகவே நரம்பைப் பற்றிச் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நரம்பில் எத்தனை வகை?

முன்பெல்லாம் பருத்தி நூலைத்தான் தூண்டிலுக்குப் பயன்படுத்தினார்கள். நனைந்த நூலை உலர்த்தாமல் வைத்தால் இற்றுப் போய்விடும். 1935-ல் அமெரிக்காவில் நைலான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு நைலானில் இழுத்த ஒற்றை இழை நரம்பு உலகெங்கும் பரவியது. தங்கூஸ் என்று நம் பக்கத்தில் சொல்வதும் இதைத்தான்.

இன்று கடைகளில் மூன்று வகை நரம்புகள் கிடைக்கின்றன.

முதலாவது, நைலான் ஒற்றை இழை நரம்பு. விலை குறைவு. முடிச்சு நன்றாகப் பிடிக்கும். இழுத்தால் சற்று நீண்டு கொடுக்கும். மீன் திடீரென்று திமிறும்போது இந்த நீட்சி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது, பல மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னிய நூல். ஒரே கனத்தில் நைலானைவிட இதற்குப் பல மடங்கு வலு உண்டு. ஆனால் சிறிதும் நீளாது. புதியவர் கையில் கோல் ஒரு வெட்டு வெட்டினால் மீனின் வாய் கிழியும், அல்லது முள் நிமிர்ந்துவிடும். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தால் கத்தி போல் அறுத்துவிடும். பாறையில் உரசினால் சீக்கிரம் நைந்து போகும். விலையும் அதிகம்.

மூன்றாவது, புளூரோகார்பன் என்ற நரம்பு. தண்ணீருக்குள் நைலானைவிடக் குறைவாகவே கண்ணுக்குத் தெரியும். விரைவாக மூழ்கும், உரசலையும் தாங்கும். ஆனால் விரைப்பானது, முடிச்சுப் போடப் பழக்கம் வேண்டும். இதன் விலையும் அதிகம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நைலான் நரம்பே போதுமானது. கை பழகிய பிறகு மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

கனமும் வலுவும்

நரம்புச் சுருளின் மேல் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று நரம்பின் கனம். இது மில்லிமீட்டரில் இருக்கும். மற்றது எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்ற அளவு. இது கிலோவிலோ பவுண்டிலோ இருக்கும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். பத்து பவுண்டு என்று போட்டிருந்தால் நாலரைக் கிலோ என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண நைலான் நரம்புக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 0.20 மி.மீ. நரம்பு 3 கிலோ, 0.25 மி.மீ. நரம்பு நாலரைக் கிலோ, 0.30 மி.மீ. நரம்பு ஆறரைக் கிலோ, 0.40 மி.மீ. நரம்பு 11 கிலோ. தயாரிப்பைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கனம் இரண்டு மடங்கானால் வலு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. வலு, நரம்பின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதே காரணம். எனவே பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் கன வித்தியாசம் வலுவில் பெரிதாக இருக்கும். மெல்லிய நரம்பில் ‘20 கிலோ’ என்று போட்டிருந்தால் அது பின்னல் நூலாக இருக்க வேண்டும். நைலான் என்று சொல்லி விற்றால் நம்பக் கூடாது.

மூன்று கிலோ நரம்பில் மூன்று கிலோ மீன்தான் பிடிக்க முடியுமா என்று கேட்கலாம். அப்படியல்ல. தண்ணீருக்குள் இருக்கும் மீனின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. நரம்பின் மேல் விழுவது மீனின் திமிறலும் ஆற்றின் இழுப்பும்தான். தண்ணீரைவிட்டு மீனை மேலே தூக்கும் அந்த நொடியில்தான் முழு எடையும் நரம்பின் மேல் இறங்குகிறது. பெரும்பாலான மீன்கள் கரையருகே வந்து தப்புவதற்கு இதுவே காரணம். மீன் களைத்த பிறகு ஒரு சிறிய கைவலையால் அடியிலிருந்து ஏந்தி எடுத்தால் மெல்லிய நரம்பிலும் நல்ல மீன் கரை சேரும்.

எந்த மீனுக்கு எந்த நரம்பு?

நம் பக்கத்து ஆறுகளிலும் கால்வாய்களிலும் கிடைக்கும் மீன்களை வைத்து நரம்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

சிறு கெண்டைகளுக்கு 0.18 முதல் 0.20 மி.மீ. வரை போதும். இவற்றின் வாய் சிறியது. முள்ளும் சிறியதாகவே இருக்க வேண்டும். சிறிய முள்ளில் தடித்த நரம்பைக் கட்டினால் இரை இயல்பாக அசையாது, மீன் சந்தேகப்பட்டு விலகிவிடும்.

ஜிலேபிக் கெண்டைக்கு 0.22 முதல் 0.25 மி.மீ. வரை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று எங்கும் பரவியிருக்கிறது. மண்புழுவுக்கும் மாவு உருண்டைக்கும் தயங்காமல் வரும். தூண்டில் பழகுவதற்கு ஏற்ற மீன் இதுவே.

கெளுத்திக்கு 0.30 மி.மீ. வேண்டும். இது அடித்தரையில் திரியும், கல்லிடுக்கில் புகுந்துகொள்ளும். இதன் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்கள் குத்தினால் கடுமையாக வலிக்கும். துணியால் பிடித்துத்தான் முள்ளை எடுக்க வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கண்மாய்களிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஆற்றுக்கு வந்திருக்கும். கிலோக் கணக்கில் வளரும் மீன்கள் இவை. 0.30 முதல் 0.35 மி.மீ. வரை வேண்டும்.

விராலுக்கு 0.40 மி.மீ. அல்லது அதற்கு மேல். இது பாசியும் செடியும் அடர்ந்த, ஓட்டமில்லாத மடுக்களில் இருக்கும். முள்ளில் மாட்டியதும் செடிக்குள் பாய்ந்து நரம்பைச் சிக்கவைத்துவிடும். அதைச் செடியோடு சேர்த்து இழுக்க வலுவான நரம்பு தேவை.

எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வாங்க வசதிப்படாதவர்கள் 0.25 மி.மீ. நரம்பு 100 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினால் போதும். மூங்கில் கழியில் தொடங்குகிறவருக்கு அது பல மாதங்களுக்கு வரும்.

ஆற்றின் தன்மையையும் பார்க்க வேண்டும்

தடித்த நரம்பே நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் அது சரிப்படாது. நரம்பு தடிக்கத் தடிக்க ஆற்றோட்டம் அதை அதிகமாகத் தள்ளும். இரை நின்ற இடத்தில் நிற்காமல் கரைக்கு ஒதுங்கும். அதை நிறுத்த ஈயத்தைக் கூட்ட வேண்டும். ஈயம் கூடினால் மீன் கடிப்பது கைக்குத் தெரியாது.

முல்லையாற்றில் மணலும் வண்டலும் உள்ள சமவெளிப் பகுதியில் மெல்லிய நரம்பு போதும். கொட்டகுடி ஆற்றின் மேல்பகுதி போலப் பாறையும் உருண்டைக் கல்லும் நிறைந்த இடத்தில் நரம்பு உரசித் தேயும். அங்கே ஒரு படி கூடுதல் கனத்தில் போடுவது நலம்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தெளிந்த நீருக்கு நிறமற்ற நரம்பு அல்லது இளம்பச்சை நரம்பு. கலங்கிய நீரில் எந்த நிறமும் ஒன்றுதான்.

கடையில் வாங்கும்போது

நைலானுக்கு வெயில் ஆகாது. நாள்பட வெயில் பட்டால் அதன் வலு குறைந்துவிடும். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் சுருளை வாங்காமல், உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓரடி நீளத்தை இரு விரல்களுக்கு இடையில் மெல்ல இழுத்துப் பார்க்கவும். நெருடல், வெட்டு, தடிப்பு எதுவும் தட்டுப்படக் கூடாது. நுனியில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்க்கவும். காய்ந்த நாணல் போல் உடனே பட்டென்று முறிந்தால் அது பழைய சரக்கு.

வாளியால் ஒரு சோதனை

அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இரண்டு மீட்டர் நரம்பை வெட்டி, தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்கவும். நைலான் தண்ணீரை உறிஞ்சும்போது அதன் வலு சற்றுக் குறையும். ஆற்றில் அது நனைந்துதானே இருக்கப் போகிறது! பிறகு ஒரு முனையை மரக்கிளையில் பல சுற்றுச் சுற்றிக் கட்டவும். மறுமுனையை, முள் கட்டும் அதே முடிச்சில், எடை பார்த்த ஒரு வாளியின் பிடியில் கட்டவும். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போது ஒரு லிட்டர் குவளையால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றவும். அறுந்தபோது இருந்த தண்ணீரின் எடையும் வாளியின் எடையும் சேர்ந்ததுதான் அந்த நரம்பின் உண்மையான வலு.

உதாரணமாக, ஆறு கிலோ என்று போட்ட நரம்பு நாலரைக் கிலோவுக்கு மேல் தாங்கினால் நல்ல நரம்பு. மூன்று கிலோவைக்கூடத் தாங்காவிட்டால் நரம்பு பழையது, அல்லது முடிச்சு சரியில்லை. அறுந்த இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிச்சில் அறுந்திருந்தால் முடிச்சைத் திருத்திக்கொண்டு மறுபடி சோதிக்கவும். நடுவில் அறுந்திருந்தால் நரம்பை மாற்றவும்.

முடிச்சுப் போடும் முறை

எவ்வளவு நல்ல நரம்பானாலும் முடிச்சு விழுந்த இடத்தில்தான் வலு குறையும். காது உள்ள முள்ளாக வாங்கினால் புதியவருக்குக் கட்டுவது சுலபம். கட்டும் முறை இதுதான்:

1. நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து ஒரு சாண் நீளம் வெளியே இழுக்கவும்.

2. அந்த நுனியைப் பெரிய நரம்பின் மேல் ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்றவும்.

3. காதுக்கு அருகில் ஒரு சிறிய வளையம் இருக்கும். நுனியைத் திருப்பி அதற்குள் நுழைக்கவும்.

4. அப்படி நுழைத்ததால் உண்டான பெரிய வளையத்துக்குள் மறுபடி ஒரு முறை நுழைக்கவும்.

5. முடிச்சைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு மெதுவாக இழுத்து இறுக்கவும்.

6. மிச்ச நுனியில் இரண்டு மி.மீ. விட்டு வெட்டவும்.

நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் வலு இழக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

முள்ளுக்குத் தனி நரம்பு

பெரிய நரம்பில் நேரடியாக முள்ளைக் கட்டாமல், ஒரு படி மெல்லிய நரம்பு ஒன்றரை அடி எடுத்து, அதில் முள்ளைக் கட்டி இணைப்பது நல்ல முறை. பெரிய நரம்பு 0.25 என்றால் முள் நரம்பு 0.20 ஆக இருக்கலாம். கல்லில் சிக்கினால் மெல்லியது மட்டுமே அறும். தக்கையும் ஈயமும் பிழைக்கும், ஆற்றுக்குள் விட்டுவரும் நரம்பும் ஒன்றரை அடியோடு நிற்கும்.

மூங்கில் கழியானால் கழியின் நீளத்துக்கே நரம்பையும் வைத்துக்கொள்ளவும். தக்கைக்குச் சோளத்தட்டையின் நெட்டியே போதும். நரம்பு நெளி நெளியாக இருந்தால் தண்ணீரில் நனைத்து, கையால் நீவி இழுத்தால் நேராகும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஈயம் விஷம். சிறிய குறடு பயன்படுத்தவும்.

கைக்கும் கண்ணுக்கும் காப்பு

நரம்பைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொண்டு ஒருபோதும் இழுக்கக் கூடாது. முள் கல்லில் சிக்கினால் நரம்பை ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேராகப் பின்னோக்கி இழுக்கவும். கோலை வெட்டி வெட்டி இழுத்தால் ஈயம் குண்டு போல் பறந்து வந்து கண்ணில் படும். மின்கம்பி செல்லும் இடத்தில் கோலை உயர்த்தவே கூடாது. ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும்.

மலையடிவார ஆற்றில் இன்னொரு ஆபத்து உண்டு. கீழே வானம் வெளுத்திருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், தூண்டிலைப் போட்டுவிட்டு உடனே கரை ஏற வேண்டும். ஆற்று நடுப் பாறையில் உட்கார்ந்து மீன் பிடிப்பது கூடாது. முல்லையாற்றில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களையும் விசாரித்துக்கொள்வது நலம்.

மாட்டு வயிற்றில் முள்

கால்நடை வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆற்றங்கரைப் புல்லில்தான் மாடுகள் மேய்கின்றன. மாடு நாவால் வளைத்துப் புல்லை வாங்கி, அதிகம் மெல்லாமலே விழுங்குகிறது. புல்லோடு கிடக்கும் நரம்பும் முள்ளும் உள்ளே போய்விடும். நைலான் வயிற்றில் செரிக்காது, சுருண்டு தீவனத்தோடு சேர்ந்து அடைக்கும். முள் போன்ற கூரிய இரும்பு இரண்டாம் வயிற்றில் தங்கும். அதற்கு முன்னால் மிக அருகில் இருப்பது இருதயம். முள் வயிற்றுச் சுவரைத் துளைத்தால் மாடு தீனி எடுக்காது, பால் குறையும், முதுகை வளைத்து நிற்கும், இறக்கத்தில் நடக்கத் தயங்கும். இந்த அறிகுறிகள் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருதயத்தை எட்டிவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

ஆகவே வெட்டிய நரம்பு ஒரு சாண் ஆனாலும் கரையில் போடக் கூடாது. பழைய டப்பா ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அதில் போட்டு வரவும். வீட்டுக்கு வந்து துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் சேர்க்கவும். எருக்குழியில் போடக் கூடாது. நைலான் மக்காது, எருவோடு வயலுக்கும் அங்கிருந்து தீவனத்துக்கும் திரும்பி வரும். கொக்கு, நீர்க்காகம் போன்ற பறவைகளின் காலிலும் கரையில் கிடக்கும் நரம்பு சுற்றிக்கொள்ளும்.

எங்கே பிடிக்கலாம்?

கண்மாய்களில் மீன்பாசி குத்தகை விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போடுவது வீண் வழக்கில் கொண்டுபோய் விடும். நீர்த்தேக்கங்களில் மீன்வளத் துறையின் அனுமதி விவரத்தை விசாரித்த பிறகே இறங்க வேண்டும். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். விஷம் கலந்த தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்களின் மனிதரும் மாடும் குடிக்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

புது வெள்ளத்தில் கெண்டை இனங்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு வரும். வயிறு பருத்த சினை மீன் சிக்கினால் ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்துத் திரும்ப விட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் ஆற்றில் மீன் இருக்கும்.

பராமரிப்பு

தூண்டில் போட்டு முடித்ததும் நரம்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வைக்கவும். பூச்சிமருந்தும் டீசலும் வைத்திருக்கும் பம்ப்செட் அறையில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போகும்போதும் நுனியிலிருந்து ஒரு முழம் வெட்டிவிட்டுப் புதிதாக முள் கட்டவும். உரசித் தேய்வது அந்த முழத்தில்தான். ஆண்டுக்கு ஒரு முறை புது நரம்பு மாற்றிக்கொள்ளவும்.

சுருக்கமாகச் சொன்னால், நைலான் நரம்பு, 0.25 மி.மீ. கனம், நனைத்துப் போட்ட முடிச்சு, முள்ளுக்குத் தனி நரம்பு, கழிவு நரம்புக்கு இடுப்பில் ஒரு டப்பா. இந்த ஐந்தையும் கடைப்பிடித்தால் புதிதாகப் பழகுகிறவரும் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் குறையும். கரையில் மேயும் மாட்டுக்கும் தீங்கு வராது.